குரலைத் தாழ்த்திக் கூட்டத்தை அடக்கியவர்: பெக்கி லீ

"பெக்கி லீயை எல்லோரும் நைட்கிளப் பாடகி என்றுதான் எழுதுகிறார்கள். கிளப்பில் பாடியே ஒருவர் ஐம்பது வருடம் காலம் தள்ள முடியுமா? 'ஃபீவர்' பாட்டைத் தவிர அவர் என்னதான் செய்தார்?" என்று அந்த அமெரிக்கப் பாடகியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் 'நைட்கிளப்' என்ற சொல். அதைக் கேட்டதும் நமக்குப் பழைய தமிழ்ப் படத்து வில்லனின் இடம்தான் நினைவுக்கு வரும். சுழலும் விளக்கு, கையில் கோப்பை, பின்னணியில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல். 1940, 50களின் அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே நைட்கிளப் என்பது சாப்பாடும் மதுவும் கிடைக்கிற ஒரு கூடம், ஒரு சின்ன மேடை, ஒரு வாத்தியக் குழு. குடும்பஸ்தர்கள் நன்றாக உடுத்திக்கொண்டு ஜோடியாகப் போவார்கள். பெரிய ஹோட்டல்கள் தங்கள் கட்டிடத்துக்குள்ளேயே இப்படி ஓர் அறை வைத்திருந்தன. பாடகருக்கு வாரக்கணக்கில் ஒப்பந்தம். ராத்திரிக்கு இரண்டு ஷோ என்பது சாதாரணம்.

பாடப்பட்டவை பெரும்பாலும் நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் தொழில்முறைப் பாடலாசிரியர்கள் எழுதியவை. ராக் அண்ட் ரோல் வருவதற்கு முந்தைய இந்தப் பாணிக்குத்தான் பிற்பாடு 'டிரெடிஷனல் பாப்' என்று பெயர் வைத்தார்கள். ஒரே கீர்த்தனையைப் பத்து வித்வான்கள் பாடுவது போல, ஒரே பாட்டை அங்கே பத்துப் பேர் பாடுவார்கள். பாட்டு யாருடையது என்பது கேள்வியே இல்லை. நீ அதை எப்படிப் பாடினாய் என்பதில்தான் உன் சம்பளம் இருக்கிறது.

இதில் ஒரு தொல்லை உண்டு. எதிரே இருப்பவர்கள் சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பார்கள். கல்யாண ரிசப்ஷனில் கச்சேரி செய்தவர்களுக்கு இது தெரியும். நானும் சில வருடம் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். கூட்டம் சத்தம் போட்டால் நாங்கள் ஸ்பீக்கரை ஏற்றுவோம். அவர்கள் அதற்கு மேல் கத்திப் பேசுவார்கள். நாங்கள் இன்னும் ஏற்றுவோம். கடைசியில் பெண் வீட்டுப் பெரியவர் யாராவது மேடையேறி வந்து, "தம்பி, கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்பார். எங்களுக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

பெக்கி லீக்கு வேறு வித்தை தெரிந்திருந்தது. அவருடைய தொழில் வாழ்க்கை முழுக்க அதன் மேல்தான் நின்றது.

அவர் பிறந்தது 1920 மே 26, வட டகோட்டா மாநிலத்தில் ஜேம்ஸ்டவுன் என்ற ஊர். இயற்பெயர் நார்மா டெலோரிஸ் எக்ஸ்ட்ராம். ஸ்காண்டிநேவிய வம்சாவளிக் குடும்பம், எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. அப்பா ஒரு சின்ன ரயில் பாதையில் ஸ்டேஷன் ஏஜெண்ட், குடிப்பழக்கம் உள்ளவர். நார்மாவுக்கு நாலு வயதிலேயே அம்மா போய்விட்டார். அப்புறம் வந்த சித்தி தன்னை அடித்து வளர்த்தார் என்று அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டைவிட்டு வெளியேற அவருக்குக் கிடைத்த வழி ரேடியோ. பள்ளிப் பருவத்திலேயே பக்கத்து ஊர் நிலையத்தில் பாடினார். 1937இல் ஃபார்கோ நகரின் டபிள்யூடிஏஒய் நிலையத்துக்குப் போனபோது, அங்கே இருந்த கென் கென்னடி என்பவர் 'பெக்கி லீ' என்று பெயர் வைத்தார்.

1938இல் ஹாலிவுட்டுக்கு ரயிலேறினார். உணவகத்தில் பரிமாறுவது, கேளிக்கைத் திடலில் நின்று ஆள் கூப்பிடுவது என்று எல்லா வேலையும் செய்துவிட்டு ஊர் திரும்பினார். மறுபடி போனார். 1941இல் கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் 'டால் ஹவுஸ்' என்ற இடத்தில் பாட்டு. சினிமாக்காரர்கள் வந்து குடித்துக் கும்மாளம் போடுகிற இடம். யாரும் இவரைக் கவனிக்கவில்லை. அவர்களை மீறிக் கத்துகிற தொண்டையும் இவருக்கு இல்லை. ஒரு நாள் எதிர்ப்பக்கமாகப் போய்ப் பார்த்தார்: குரலை இறக்கினார், இன்னும் இறக்கினார். என்ன பாடுகிறார் என்று தெரிந்துகொள்ள விரும்பியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அறை மெல்ல அடங்கியது.

கேட்பதற்கு எளிது, செய்து பார்த்தால்தான் தெரியும். குரலைத் தாழ்த்தும்போது சுருதி நழுவக் கூடாது, வார்த்தை மென்று விழுங்கப்படக் கூடாது, தாளம் தொய்யக் கூடாது. கத்திப் பாடும்போது மறைந்துவிடுகிற குறையெல்லாம் மெல்லப் பாடும்போது பளிச்சென்று தெரியும். மைக் என்ற கருவி இல்லாவிட்டால் இந்தப் பாணியே இல்லை. பிங் கிராஸ்பி போன்ற ஆண் பாடகர்கள் 1930களிலேயே மைக்கைக் காதோடு பேசுகிற கருவியாக மாற்றியிருந்தார்கள். லீ அதை இன்னொரு படி உள்ளே கொண்டுபோனார்.

அதே 1941இல் சிகாகோவின் அம்பாசடர் வெஸ்ட் ஹோட்டலில் பாடிக்கொண்டிருந்தபோது பென்னி குட்மேன் வந்து அவர் பாட்டைக் கேட்டார். ஸ்விங் என்ற, பெரிய வாத்தியக் குழுக்களின் ஜாஸ் நடன இசையில் உச்ச நட்சத்திரம் அவர். அவருடைய பாடகி ஹெலன் ஃபாரஸ்ட் விலகவே, அந்த இடம் லீக்கு வந்தது. அவருக்கு அப்போது 21 வயது.

பெரிய பேண்டில் பாடகி என்றால் இன்று நாம் நினைக்கிற மாதிரி நடுநாயகம் இல்லை. வாத்தியக்காரர்களில் அவரும் ஒருவர். பாட்டின் நடுவில் எழுந்து வந்து ஒரு முறை பாடிவிட்டு மறுபடி நாற்காலியில் போய் உட்கார வேண்டும். லீக்குப் பேர் வாங்கித் தந்த பாட்டு எப்படி வந்தது என்பது சுவாரசியமான கதை. லில் கிரீன் என்ற கறுப்பினப் பாடகியின் ப்ளூஸ் இசைத்தட்டு ஒன்றை, 'வொய் டோன்ட் யூ டூ ரைட்', தன் ஒப்பனை அறையில் ஓயாமல் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். காது புளித்துப்போன குட்மேன், இதை நாமே பாடிவிடலாமே என்றார். 1942 ஜூலை கடைசியில் ஒலிப்பதிவு. சில நாளில், ஆகஸ்ட் 1 முதல், இசைக் கலைஞர்கள் சங்கம் ராயல்டி கேட்டு ஒலிப்பதிவுகளையே புறக்கணித்தது. புதுத் தட்டுகள் வராத அந்தக் காலத்தில் இந்தத் தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. லீ எங்கிருந்து எடுத்துக்கொண்டார் என்பதையும் மறக்கக் கூடாது. தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி, சோம்பலாகச் சாய்ந்து பாடுகிற அந்த நடை கறுப்பினப் பாடகிகளிடம் கேட்டுக் கற்றது. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் நிழல் அவர் மேல் தெளிவாக விழுகிறது.

குட்மேன் குழுவில் கிடார் வாசித்த டேவ் பார்பரை 1943இல் மணந்துகொண்டு பாடுவதை விட்டார். அந்த வருடமே ஒரு மகள். இனி வீடுதான் என்று இருந்தவர், பாத்திரம் கழுவிக்கொண்டே பாட்டு வரிகள் யோசித்ததாகச் சொல்லியிருக்கிறார். கணவர் மெட்டு, மனைவி வரிகள். புதிதாகத் தொடங்கியிருந்த கேப்பிடல் ரெக்கார்ட்ஸ் அவரைத் திரும்ப அழைத்தது. 'இட்ஸ் எ குட் டே' இந்தக் கூட்டணியில் வந்ததுதான். 1948இல் 'மன்யானா' ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. அதை இன்று கேட்டால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. மெக்சிகோக்காரர்களின் உச்சரிப்பைக் கேலி செய்கிற பாட்டு அது. ஆனால் பணம் கொட்டியது. அந்தக் காலத்தில் தானே எழுதித் தானே பாடிய பெண்கள் மிகக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாழ்நாளில் 200க்கும் மேற்பட்ட பாடல்களில் அவருக்குப் பங்கு உண்டு.

பார்பரின் குடியால் 1951இல் மணமுறிவு. அப்புறம் மூன்று திருமணங்கள், எதுவும் நிலைக்கவில்லை.

1952இல் டெக்கா நிறுவனத்துக்கு மாறினார். ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் மூன்று தட்டு வால்ட்ஸ் நடையில் இசையமைத்த 'லவ்வர்' பாட்டை எடுத்து, குதிரை பாய்வது போன்ற லத்தீன் தாளத்தில் பாடி ஹிட் ஆக்கினார். அடுத்த வருடம் 'பிளாக் காஃபி' ஆல்பம். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராதவரோடு உட்கார்ந்திருப்பது போன்ற பதிவு அது. நாலே வாத்தியக்காரர்கள். என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த ஆல்பம் இதுதான். 1955இல் 'பீட் கெல்லிஸ் ப்ளூஸ்' படத்தில் குடியால் சிதைந்துபோகிற பாடகியாக நடித்து ஆஸ்கர் துணை நடிகை பரிந்துரை வாங்கினார். அதற்குப் பிறகு சினிமாவில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

சரி, 'ஃபீவர்'. முதலில் இதைப் பாடியவர் லிட்டில் வில்லி ஜான், 1956இல். சாக்ஸஃபோன் எல்லாம் சேர்ந்த ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பாட்டு அது. லீ 1958இல் இதைப் பாடும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தார். பியானோ இல்லை, ஊதுகுழல் இல்லை, கிடார்கூட இல்லை. பேஸ் என்ற, கீழ்சுருதியில் ஒலிக்கிற பெரிய தந்தி வாத்தியம் ஒன்று, ஷெல்லி மான் கையில் டிரம்ஸ், அப்புறம் சொடக்கு. சொடக்குப் போட்டவர் ஹோவர்ட் ராபர்ட்ஸ், உண்மையில் அவர் கிடார்க்காரர்! பாட்டு போகப்போக சுருதி அரைப்படியாக ஏறிக்கொண்டே போகும், குரல் மட்டும் பதறாது. டால் ஹவுஸில் கற்றதைத்தான் இங்கே வாத்தியங்களுக்கும் செய்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்க ஹிட் பட்டியலில் எட்டாவது இடம் வரை போனது. ரோமியோ ஜூலியட்டும் போகஹாண்டஸும் வருகிற கூடுதல் வரிகள் லீ சேர்த்தவை. அதற்குப் பிறகு பாடியவர்கள் பெரும்பாலும் அந்த வரிகளோடுதான் பாடுகிறார்கள். ஆனால் பாடலாசிரியர் என்ற இடத்தில் அவர் பெயர் இல்லை, அந்த வரிகளுக்கு ராயல்டியும் இல்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட கிளப் வாழ்க்கையின் உச்சம் நியூயார்க்கின் 'பேசின் ஸ்ட்ரீட் ஈஸ்ட்'. 1960களின் தொடக்கத்தில் அவர் அங்கே பாடினால் உட்கார இடம் கிடைக்காது. அங்கே பாடியதை 1961இல் ஆல்பமாகவும் போட்டார்கள். மேடையில் அநேகமாக அசையாமல் நிற்பார். ஒரு விரல் அசையும், ஒரு புருவம் ஏறும், அவ்வளவுதான். தன்னியல்பாக நடப்பது போல இருக்கும் எதுவும் தன்னியல்பு இல்லை. எந்தப் பாட்டுக்கு எந்த விளக்கு, எந்த உடை, கையை எப்போது தூக்குவது என்று எல்லாவற்றையும் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தார். வாத்தியக்காரர்களையும் விளக்குப் போடுபவர்களையும் பாடாய்ப் படுத்துவார் என்று பெயரும் எடுத்தார். 'நான் டியூக் (பிரபு) என்றால் பெக்கி லீதான் ராணி' என்ற பொருளில் ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் சொன்னதாக ஒரு பாராட்டு இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

1961இல் கடுமையான நிமோனியா. அதிலிருந்து நுரையீரல் பழையபடி ஆகவில்லை. ஊர் ஊராகப் போகும்போது சுவாசக் கருவியும் கூடவே போனது. அதற்கு 'சார்லி' என்று செல்லப் பெயர் வைத்திருந்தார். ஷோவுக்கு முன்னால் சார்லியோடு கொஞ்ச நேரம், அப்புறம் மேடை.

கிளப் உலகம் ஏன் சரிந்தது? பல காரணம். வீட்டிலேயே டிவி வந்தது. போர்க்காலத்தில் போட்ட கேளிக்கை வரி, பாட்டும் நடனமும் உள்ள இடங்களை வெகு காலம் அழுத்தியது. லாஸ் வேகஸின் சூதாட்ட ஹோட்டல்கள் கொடுத்த சம்பளத்தை ஒரு சாதாரண கிளப் கொடுக்க முடியவில்லை. 1964இல் பீட்டில்ஸ் ராக் குழு வந்து இறங்கியதும் இளைஞர்களின் காசு வேறு பக்கம் போனது. லீயின் வயதுப் பாடகர்கள் பலர் வேகஸில் கரை ஒதுங்கினார்கள். லீயும் போனார். 1969இல் அங்கே இன்டர்நேஷனல் ஹோட்டல் திறந்தபோது பெரிய அரங்கில் பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட், அதே ஹோட்டலின் சிறிய லவுஞ்சில் பெக்கி லீ.

இதே வருடம் நம் ஊரில் ஒன்று நடந்தது, சொல்லாமல் போக மனமில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் சஃபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' நைட்கிளப்பில், புடவை கட்டிக்கொண்டு ஒரு தமிழ்ப் பெண் ஆங்கிலப் பாட்டுகள் பாடத் தொடங்கினார். உஷா உதுப். கொல்கத்தாவின் டிரிங்காஸ் உணவகத்தில் அவர் பாடியதெல்லாம் அதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் அணைந்துகொண்டிருந்த தொழில் இங்கே அப்போதுதான் சூடுபிடித்துக்கொண்டிருந்தது.

மறுபடி லீக்கு வருவோம். 1969இலேயே அவருக்கு இன்னொரு வாழ்வு கிடைத்தது. ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற ராக் அண்ட் ரோல் பாடலாசிரியர்கள், ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன்னின் 'ஏமாற்றம்' என்ற சிறுகதையிலிருந்து ஒரு பாட்டு செய்திருந்தார்கள். 'இஸ் தட் ஆல் தேர் இஸ்'. சிறு வயதில் வீடு எரிந்தது, சர்க்கஸ் பார்த்தது, காதலித்தது, எதுவுமே எதிர்பார்த்த அளவுக்கு இல்லையே என்று பேச்சும் பாட்டுமாகச் சொல்லிக்கொண்டு போகிற விசித்திரமான உருப்படி. வாத்திய அமைப்பு ராண்டி நியூமேன். ஒலிப்பதிவில் முப்பதுக்கு மேல் டேக் போனது. அவற்றில் ஆகச் சிறந்த ஒன்றின்போது பொறியாளர் பதிவுப் பொத்தானை அழுத்த மறந்துவிட்டார் என்று லீபர் சொல்வார்! லீ மறுபடி போய்ச் சேர்ந்திருந்த கேப்பிடலுக்கு இந்தப் பாட்டை வெளியிட மனமே இல்லை. லீ விடாமல் நின்று வெளியிடவைத்தார். பட்டியலில் 11ஆவது இடம், கிராமி விருது. வுட்ஸ்டாக் ராக் திருவிழா நடந்த வருடத்தில், 49 வயதில். வெறும் கவர்ச்சிக் குரல் என்று அவரை எழுதுபவர்களிடம் இந்த ஒரு பாட்டைக் கேட்கச் சொல்வேன். அந்தக் குரலில் அழுகையும் இல்லை, ஆறுதலும் இல்லை.

1974இல் பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னி லண்டனில் அவரிடம் விருந்துக்கு வந்தபோது ஷாம்பெயின் பாட்டிலுக்குப் பதிலாக 'லெட்ஸ் லவ்' என்ற பாட்டைக் கொண்டுவந்தார். அது ஆல்பமானது, பெரிதாகப் போகவில்லை. 1983 டிசம்பரில் தன் கதையையே 'பெக்' என்ற பெயரில் பிராட்வே மேடையேற்றினார். ஐந்தே காட்சிகளில் மூடிவிட்டார்கள். என் ஊகம் இது: நூறு பேர் இருக்கிற அறையில் ஒரு புருவம் ஏறினால் எல்லோருக்கும் தெரியும், ஆயிரக்கணக்கான இருக்கைகள் உள்ள அரங்கில் யாருக்குத் தெரியும்?

ஐம்பது வருடம் எப்படிக் காலம் தள்ளினார் என்ற கேள்விக்கு மீதிப் பதில் நீதிமன்றத்தில் இருக்கிறது. 1955இல் வந்த டிஸ்னியின் 'லேடி அண்ட் தி டிராம்ப்' கார்ட்டூன் படத்துக்கு, சானி பர்க்கோடு சேர்ந்து பாட்டுகள் எழுதியவர் லீ. அந்த இரண்டு சயாமிய பூனைகள் உட்பட நாலு பாத்திரங்களுக்குக் குரலும் அவருடையதே. அதில் ஒரு நாய்க்கு முதலில் 'மேமி' என்று பெயர் இருந்தது. ஜனாதிபதி ஐசன்ஹோவரின் மனைவி பெயரும் அதுவாக இருக்கவே, லீயின் பெயரிலிருந்து 'பெக்' என்று மாற்றினார்கள். டிரஸ்டி என்ற கிழநாய் செத்துப்போவதாக இருந்த கதையை, குழந்தைகள் தாங்க மாட்டார்கள் என்று வால்ட் டிஸ்னியிடம் வாதாடி மாற்றவைத்தவரும் அவர்தான்.

1987இல் படம் வீடியோ கேசட்டாக வந்தது. பொதுமக்களுக்கு விற்கும் பிரதிகளை அவர் சம்மதமின்றிச் செய்யக் கூடாது என்று 1952இல் போட்ட பழைய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. வீடியோ கேசட் என்ற ஒன்றை யாரும் கற்பனைகூடச் செய்யாத காலத்து வரி. லீ வழக்குப் போட்டார். இதய அறுவை சிகிச்சை முடிந்திருந்தது, சக்கர நாற்காலியில் வந்தார். 1991இல் ஜூரி 38 லட்சம் டாலர் என்றது, நீதிபதி அதை 23 லட்சமாகக் குறைத்தார். மேல்முறையீட்டிலும் அது நின்றது. 'ஃபீவர்' வரிகளை எழுதிவிட்டுச் சும்மா இருந்தவர் இந்த முறை சும்மா இருக்கவில்லை. அத்தோடு விடவில்லை. டெக்காவின் பழைய கலைஞர்களுக்கு ராயல்டி சரியாகக் கணக்கிடப்படவில்லை என்ற வழக்கிலும் முன்னே நின்றார். 2002 ஜனவரியில் அது 47.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது. அதே மாதம் 21ஆம் தேதி, 81 வயதில், லாஸ் ஏஞ்சலஸின் பெல் ஏரில் அவர் இறந்துபோனார்.

கடைசி வருடங்களில் நியூயார்க்கில் நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார், 1992இல் ஹில்டன் ஹோட்டலின் ஒரு சின்ன கிளப்பில்கூட. மேடையை விட்டது 1995இல்தான்.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று அடுத்துக் கேட்பீர்கள். குட்மேன் காலத்து 'வொய் டோன்ட் யூ டூ ரைட்' முதலில், அடுத்து 'பிளாக் காஃபி' முழு ஆல்பம், பிறகு 'இஸ் தட் ஆல் தேர் இஸ்'. 'ஃபீவர்' உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதையே இன்னொரு முறை, வால்யூமைப் பாதியாக்கிவிட்டு, சொடக்குக்கும் அடுத்த சொடக்குக்கும் நடுவில் அந்த பேஸ் என்ன செய்கிறது என்று மட்டும் கவனித்துக் கேட்டுப் பாருங்கள்.